சூடானப்புறமும் கத்துனா

ஆஃப் பண்ணிராதீங்க சார், ஓடட்டும். ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு லிவர் இருக்கும், அத மட்டும் இழுத்து விடுங்க. ஆங், பானெட்டு தொறந்துருச்சு. அக்கா, நீங்க இறங்க வேணாம், பாப்பா தூங்குது, வண்டி நிழல்லதான நிக்குது. ஓனர் சாப்பிடப் போயிருக்காரு. அவரு இருந்தாலும் இத நான்தேன் பாக்கணும். எஞ்சினப் பிரிக்கிறதுன்னா அவரு, பெல்ட்டுச் சத்தம்னா நான். இந்த ஷெட்டுல அப்பிடித்தேன். பதினேழு வயசுப் பயகிட்டப் போயி வண்டியக் குடுக்கறமேன்னு நினைக்காதீங்க. என் காது அப்பிடி.

எங்கருந்து கத்த ஆரம்பிச்சது? ஆண்டிபட்டி தாண்டுனதுமா? ஏசி போட்டா கூடுதா? சரி. எங்க போறீங்க, மூணாறா? போடிமெட்டு வழியாத்தான போகணும். ம்.

அப்ப இது சூடான பிறகு வர்ற சத்தம். அதுக்குத்தேன் கேட்டேன். காலையில ஸ்டார்ட் பண்ணுனதும் ரெண்டு நிமிசம் கத்துனா அது பனி. பெல்ட்டுல ஈரம் இருக்கும், காஞ்சதும் அடங்கிரும். சூடானப்புறமும் கத்துனாத்தேன் நிறுத்திப் பாக்கணும். இது சிக்கந்தர் பாய் சொன்னது. போடில ஷெட்டு வச்சிருக்காரு. மூக்குல பேசுவாரு, ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவுல பீடிய ஒரு இழுப்பு இழுப்பாரு. "இங்க பாரு தவசி... காலையில கத்துனா... அது கொட்டாவி விடுதுன்னு வையி. மத்தியானம் கத்துனா... நோவுல கத்துதுன்னு வையி."

அக்கா சிரிச்சுட்டாங்க பாருங்க! பாய நீங்க பாத்ததே இல்ல, ஆனா எதுக்க நின்ன மாதிரி இருந்துச்சுல்ல? நம்ம சரக்கு அதான். யாரா இருந்தாலும் அஞ்சு நிமிசம் பேசவிட்டுக் கேட்டா போதும், குரல அப்பிடியே எடுத்துருவேன். நீங்க கெளம்பிப் போனப்புறம் உங்களையும் எடுத்துருவேன் சார், கோவிச்சுக்காதீங்க.

இருங்க, தண்ணி ஊத்திப் பாப்போம். வேற ஒண்ணுமில்ல, இந்த பாட்டில்தேன். பெல்ட்டு ஓடுறப்ப உள்பக்கமா கொஞ்சூண்டு தெளிக்கணும். கைய எட்டவே வச்சுக்கிறணும். தெளிச்சதும் சத்தம் நின்னு, காஞ்சதும் திரும்ப வந்தா பெல்ட்டு தேஞ்சிருக்கு, இல்ல கோணலா ஓடுது. தெளிச்சதும் கூடுனா பெல்ட்டு தொய்வு, வழுக்குது. கூடவும் இல்ல குறையவும் இல்லன்னா பெல்ட்டு மேல குத்தமே இல்ல, பெல்ட்டு சுத்துற ஏதோ ஒரு சக்கரத்தோட பேரிங் போயிருச்சு. இந்தா, தெளிக்கிறேன். கேக்குதா? மாறுதா? மாறலல்ல. பேரிங்குதேன். இப்ப ஆஃப் பண்ணுங்க.

சூடு ஆறணும். பத்து நிமிசம் கைய விடக்கூடாது. உக்காருங்க சார், அந்த டயர் மேல உக்காரலாம், சுத்தமாத்தேன் இருக்கு.

ஆறுறதுக்குள்ள சொல்லிர்றேன். தவசின்னேன்ல, அவரு ஜீப்பு டிரைவரு. எங்க தெருதேன். எங்க தெருவுல முக்காவாசிப் பொம்பளைங்க மலைக்குத்தேன் வேலைக்குப் போவாங்க, ஏலக்கா எடுக்க. விடிய முன்னாடி ஜீப்பு ஏறி, போடிமெட்டு தாண்டி, கேரளாப் பக்கம் எஸ்டேட்டுல இறங்கி, சாயங்காலம் அதே ஜீப்புல வந்து இறங்குவாங்க. பத்துப் பேரு உக்கார்ற வண்டியில பதினாலு பதினஞ்சு பேரு. எங்கம்மா பவுனுத்தாயி இருவது வருசமா தவசியண்ணன் ஜீப்புதேன்.

தவசியண்ணன் தெருவுல ஹாரன் அடிக்க மாட்டாரு. பிள்ளைக தூங்குமாம். ஆனா விடியக்கால ஈரத்துல அந்த வண்டி எங்க முக்குல திரும்புறப்ப பெல்ட்டு ஒரு கத்து கத்தும் பாருங்க, "கிரீஈஈச்"சுன்னு, அதுதேன் ஹாரன். அதக் கேட்டதும் சோத்துவாளியத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு வீட்டுலருந்தும் ஓடி வருவாங்க. கடியாரம் பாக்கறது இல்ல. பெல்ட்டு கத்துச்சுன்னா மணி அஞ்சு.

நான் பத்தாவதோட நின்னுட்டேன். போன வருசம் ஆடியில அம்மாகூட நானும் மலைக்குப் போக ஆரம்பிச்சேன். ஒரு வாரம் அந்தச் சத்தத்தக் கேட்டேன். எட்டாம் நாளு எடுத்துட்டேன்.

எப்பிடின்னு கேளுங்க. எல்லாரும் காத்த வெளிய விட்டுத்தான கத்துவாங்க? இதுக்கு விடக்கூடாது. பல்ல லேசாச் சேத்து, நாக்க மேல ஒட்டி, காத்த உள்ள இழுக்கணும். உதடு அசையாது. மூஞ்சி அப்பிடியே இருக்கும். இந்தத் தொண்டைக்குழி மட்டும் உள்ள அமுங்கும். அது எங்கம்மாவுக்கு மட்டுந்தேன் தெரியும். பெத்தவல்ல.

எட்டாம் நாளு நாலு மணிக்கு முக்குல நின்னு ஒரு இழு இழுத்தேன். சார்! பதினோரு பொம்பளைங்க! குளிர்ல, சேலைய இழுத்துப் போத்திக்கிட்டு, சோத்துவாளியோட வரிசையா வந்து நிக்கறாங்க. ஜீப்பக் காணோம். ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்கறா. நான் சொவருக்குப் பின்னாடி வயித்தப் பிடிச்சுக்கிட்டு உருள்றேன். கண்டுபிடிச்சது ஒச்சம்மா. ஒச்சம்மாவுக்கு அம்பது வயசிருக்கும், அந்த ஜீப்புல வர்ற பொம்பளைங்களுக்கு அதுதேன் தலைவி மாதிரி. எங்கம்மாவுக்கு உசுரு. பொகயில அடக்குன வாயி, கரகரன்னு குரலு. "ஏ பவுனு! இங்க வா, ஒம் மகன் பண்ணியிருக்குற வேலையப் பாரு! ஏண்டா வெளங்காதவனே, ஒரு மணி நேரத் தூக்கம் போச்சேடா! மலையில நீயாடா எனக்குப் பதிலா குனியப்போற?" திட்டிட்டு அதுவே சிரிச்சிருச்சு. பொகயில வாயோட சிரிச்சா எப்பிடி இருக்கும்? "கெஹ் கெஹ் கெஹ்"... அதே.

அதுக்கப்புறம் நான் சும்மா இருப்பனா?

ஜீப்புல பின்னாடி கடைசி சீட்டு ஓரம் எனக்கு. எதுத்தாப்புல அம்மா. வண்டி மலை ஏறும். நல்லா சூடாயிருக்கும். பன்னெண்டாம் வளைவு வந்ததும் ஒரு இழு. தவசியண்ணன் காதக் குடுத்துக் கேப்பாரு. வண்டிய ஓரங்கட்டி, பானெட்டத் தொறந்து, பெல்ட்டத் தடவிப் பாப்பாரு. ஒண்ணுமிருக்காது. ஏறுவாரு. அடுத்த வளைவுல இன்னொரு இழு. மனுசன் பாவம், நிதானமான ஆளு, தொண்டையச் செருமிட்டுத்தேன் பேசுவாரு. "க்ஹும்... சூடானப்புறமும் கத்துதே... பாய்கிட்டக் காட்டிரணும்."

காட்டுனாரு. நானும் கூடப் போனேன், கூத்துப் பாக்க. பாய் தண்ணி தெளிச்சாரு. கட்டவிரல வச்சு அமுக்கிப் பாத்தாரு. "அரை இஞ்சு அமுங்குது... கச்சிதமா இருக்கு. ஒண்ணுமில்ல போய்யா." தவசியண்ணன் கேக்கல. "இல்ல பாய், என் காதால கேட்டேன். ஆளு ஏத்துற வண்டி." சரின்னு பாய் அவரு திருப்திக்கு டைனமோ போல்ட்டத் தளத்தி, கம்பியக் குடுத்து நெம்பி, பெல்ட்ட ஒரு இழுப்பு இழுத்துக் கட்டி விட்டாரு. மறுவாரம் நான் திரும்ப இழுத்தேன். திரும்ப ஷெட்டு, திரும்ப ஒரு நெம்பு. மூணாந் தடவ பாய் நெம்பிக்கிட்டு இருக்கறப்ப, பின்னாடி நின்ன எனக்குப் பொறுக்கல, ஷெட்டுக்குள்ளயே ஒரு இழு இழுத்துட்டேன். வண்டி ஆஃப்ல இருக்கு சார்! ஆஃப்ல இருக்கற வண்டி கத்துது! பாய் திரும்புனாரு, பீடி கீழ விழுந்துருச்சு, ஸ்பேனரத் தூக்கி எறிஞ்சாரு பாருங்க, காதோரமா போச்சு. தவசியண்ணன் அப்பிடியே படியில உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. ஒரு அடி அடிக்கல. வேற ஆளா இருந்தா தோலை உரிச்சிருப்பான்.

ஆறியிருக்கும். இருங்க, பெல்ட்டக் கழட்டிர்றேன். பெல்ட்ட இறுக்கிப் பிடிக்கிற இந்த டென்ஷனர ஸ்பேனர் போட்டு இந்தப் பக்கம் திருப்புனா பெல்ட்டு தொய்யும், கழண்டு வந்துரும். இந்தா. நல்லாத்தேன் இருக்கு பாருங்க, வெடிப்பு இல்ல, பளபளப்பு ஏறல. இப்ப ஒவ்வொரு சக்கரமா கையில சுத்தணும். இது டைனமோ, வழுவழுன்னு சுத்துது. இது தண்ணி பம்பு, நல்லாருக்கு. இது... கேட்டீங்களா? மணல் அரைக்கிற மாதிரி. நீங்களே சுத்திப் பாருங்க. ஐட்லர் புல்லி. இதுக்கு வேல ஒண்ணுமில்ல, பெல்ட்டுக்கு வழி காட்டுறதுதேன். இதான் போயிருக்கு. பெல்ட்டு பாவம், கத்துனதென்னமோ அது, கத்த வச்சது இது. வர்றவங்க எல்லாம் பெல்ட்ட மாத்துங்கன்னுதேன் சொல்லுவாங்க. நான் விசாரிக்காம மாத்த மாட்டேன். எதுத்த கடையில இந்தப் புல்லி இருக்கும், ஃபோன் போட்டுட்டேன், கொண்டாந்துருவாங்க.

எங்க விட்டேன்? ஆங். பாய் மூணு நெம்பு நெம்புனாருல்ல. அதுலதேன் சார் வினையே. விளையாட்டுன்னு தெரிஞ்சதும் அவரு அந்த பெல்ட்டத் திரும்பத் தளத்தியிருக்கணுமா இல்லையா? தளத்தல. ஸ்பேனர எடுத்துட்டு என்னைய வெரட்டத்தேன் நேரம் இருந்துச்சு. பெல்ட்டு தொய்வா இருந்தாத்தேன் தப்புன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. ரொம்ப இறுக்கமா இருந்தா அத விடத் தப்பு. டைனமோவப் பிடிச்சு ஒரு பக்கமாவே இழுத்துக்கிட்டு இருக்கும். உள்ள பேரிங் தேயும். ரெண்டு மூணு மாசத்துல கொரகொரன்னு ஆகி, ஒரு நாளு சுத்தாம பிடிச்சுக்கும். பேரிங் பிடிச்சா பெல்ட்டு தேஞ்சு அறுந்துரும். தொழில் தெரிஞ்ச மனுசன் இதச் செய்யலாமா? பாய் மேலதேன் தப்புன்னு நான் எங்க வேணா சொல்லுவேன்.

இன்னொண்ணு. உங்க வண்டி மாதிரி இல்ல அந்த ஜீப்பு. அதுல டைனமோ முதுகுலயே ஒரு சின்ன பம்பு ஒட்டியிருக்கும். வேக்குவம் பம்பு. பிரேக்க நீங்க காலால மெதுவா மிதிச்சாலும் வண்டி நிக்குதுன்னா அந்தப் பம்பு குடுக்குற பலத்துலதேன். பெல்ட்டு அறுந்தா டைனமோ நிக்கும், டைனமோ நின்னா பம்பு நிக்கும். மிச்சமிருக்கறதுல ரெண்டு மிதி கேக்கும். மூணாவது மிதி கல்லு. இது அன்னைக்கு எனக்குத் தெரியாது சார். இந்த ஷெட்டுக்கு வேலைக்கு வந்தப்புறம் இப்பத் தெரியும். இப்ப எனக்கு எல்லாம் தெரியும்.

அன்னைக்கு ஐப்பசி. மழை விட்டு மூடுபனி எறங்கியிருந்துச்சு. சாயங்காலம் நாலரைக்கே தவசியண்ணன் ஹெட்லைட்டப் போட்டுட்டாரு. செக்போஸ்ட்டு தாண்டி இறங்குறோம். பதிமூணு பொம்பளைங்க, நானு. எல்லாரும் நனைஞ்சு, குளிர்ல ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். நாலு வளைவு இறங்கியிருப்போம். கிரீஈஈச்.

ஒச்சம்மாதேன் முதல்ல திரும்புச்சு. "ஏ பவுனு, ஒம் மகன் இன்னைக்கு என்னமா கத்துறான்! நெசப் பெல்ட்டே பிச்ச வாங்கணும் போ!" எல்லாரும் சிரிக்கறாங்க, கைதட்டுறாங்க. "இதுவரைக்கும் கத்துனதுலயே இதுதாண்டா"ங்கறா ஒருத்தி. நாள் பூரா குனிஞ்சு நிமிந்து செத்துப்போயி வந்தவளுக, அம்புட்டுப் பேரும் பல்லு தெரிய என்னையே பாக்கறாளுக.

நான் கத்தல சார்.

முன்னாடி தவசியண்ணன் வேகத்தக் கொறச்சாரு. கொறச்சு, ஓரத்துல நிறுத்துற மாதிரி வந்துட்டாரு. அந்த இடத்துல அகலமா எடமும் இருந்துச்சு. திரும்பிப் பாத்து, "க்ஹும்... காசி, நீயா, வண்டியா?"ன்னாரு.

ஒரு செகண்டுதேன். நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்கன்னு தெரியல. அத்தன பேரும் பாக்கறாங்க. "இல்ல, நானில்ல"ன்னு சொல்லிட்டா, இம்புட்டு நேரம் கைதட்டுனது யாருக்குன்னு ஆயிரும்ல? மேடையில கும்பிடுற மாதிரி ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். "நான்தேண்ணே"ன்னேன். அப்பிடியொரு சிரிப்பு. தவசியண்ணனும் தலைய ஆட்டிட்டு கியரப் போட்டுட்டாரு.

எதுக்க அம்மா மட்டும் சிரிக்கல. என் தொண்டையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம்தேன் சார் வேடிக்கை. அது கத்துது. நின்னதும் நான் கத்துறேன். நான் நிறுத்துனா அது கத்துது. ரெண்டு நாயனம் மாறி மாறி வாசிக்கிற மாதிரி. எது அது எது நான்னு ஒருத்திக்குத் தெரியல. என் வாழ்நாள்ல அந்த மாதிரி நான் பண்ணுனதே இல்ல. கடைசியா அது ஒரு நீளக் கத்து கத்துச்சு, அப்பிடியே நின்னுருச்சு. நான் எடுக்கணும், எனக்கு மூச்சு வாங்குது. "என்னடா நிறுத்திட்ட?"ன்னு ஒச்சம்மா கேட்டுச்சு. "தொண்ட காஞ்சிருச்சு ஒச்சம்மா"ன்னேன். பெல்ட்டு அறுந்ததுமே மீட்டர்ல ஒரு செவப்பு லைட்டு எரிஞ்சிருக்கணும், அந்த பல்பு ஃபியூஸ் போயி வருசக்கணக்காச்சு.

ஒரு வளைவு பிரேக்கு கேட்டுச்சு. அடுத்த வளைவும் கேட்டுச்சு.

மூணாவதுல தவசியண்ணன் சீட்ட விட்டு எந்திரிச்சு நின்னு மிதிச்சாரு. ரெண்டு காலாலயும். கியர எறக்கப் பாத்தாரு, விழுகல. ஹேண்ட்பிரேக்கு சும்மா கையோட வந்துச்சு. இடது பக்கம் பள்ளம். மனுசன் வலது பக்கம் பாறையில கொண்டுபோயித் தேச்சாரு. தேச்சு, வண்டி சாஞ்சு, பக்கவாட்டுல விழுந்து, அப்பிடியே கொஞ்ச தூரம் இழுத்துக்கிட்டுப் போயி நின்னுச்சு. பள்ளத்துல விட்டிருந்தா நான் உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன். அத நான் ஒத்துக்குவேன்.

எனக்கு இந்த முழங்கையில மட்டும்தேன். அம்மாவுக்கு இடுப்பெலும்பு. ஒச்சம்மா அடியில கெடந்துச்சு. "ஏ பவுனு"ன்னுச்சு. அவ்வளவுதேன், உசுரு போயிருச்சு. எப்பிடிச் சொல்லுச்சுன்னா... சரி வேணாம். அக்கா மூஞ்சி மாறிருச்சு. வேணாம்.

புல்லி வந்துருச்சு. இந்தா, பழசு கழட்டியாச்சு, புதுசு மாட்டியாச்சு. போல்ட்ட அளவா முறுக்கணும். இப்ப பெல்ட்டு. சக்கரத்துல இருக்கற ஒவ்வொரு பள்ளத்துலயும் பெல்ட்டோட வரி சரியா உக்காந்திருக்கான்னு விரலால தடவிப் பாக்கணும், ஒரு வரி தள்ளி உக்காந்தாலும் ஓரமா தின்னுரும். டென்ஷனர விட்டா அதுவா இறுக்கிக்கிரும். உங்க வண்டிக்கு யாரும் கம்பி போட்டு நெம்ப வேண்டியதில்ல.

தவசியண்ணன போலீஸ் பிடிச்சுக்கிருச்சு. அதிகமா ஆளு ஏத்துனது, சத்தம் வந்தும் வண்டிய நிறுத்தாதது. அவரு ஒரே பேச்சுதேன். "நிறுத்தப் போனேன் சார். பய நான்தேன்னு சொன்னான் சார்." பொம்பளைங்களும் சிலபேரு அதையே சொன்னாங்க, பவுனு மகன்தேன் கத்துனான்னு. வண்டியச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டருக்கு நம்பிக்கையில்ல. "ஒரு டிரைவருக்குப் பெல்ட் சத்தத்துக்கும் பையன் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? வாட் நான்சென்ஸ்! கூப்பிடுங்க அந்தப் பையன, பண்ணிக் காட்டட்டும்."

ஸ்டேஷன் பின்னாடி, நசுங்குன ஜீப்பு பக்கத்துல நிக்க வச்சாங்க. இன்ஸ்பெக்டர், எஸ்.ஐ., ரைட்டர், ரெண்டு கான்ஸ்டபிளு. பாயக் கூப்பிட்டிருந்தாங்க. தவசியண்ணன் தலையில கட்டோட தரையில உக்காந்திருந்தாரு. என்னையப் பாத்ததும் மூஞ்சி தெளிஞ்சுச்சு. வந்துட்டான்டா காசி, ஒரு இழு இழுத்தா போதும், எல்லாருக்கும் வெளங்கிரும்னு. எனக்கு அவரு மனசுல ஓடுறது அவரு குரல்லயே கேட்டுச்சு சார்.

"ம், பண்ணு தம்பி."

சார், ஒரு விசயம் சொல்றேன், இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. நல்லாப் பண்றது பெரிய காரியமே இல்ல. நல்லாப் பண்ணத் தெரிஞ்சவன், எதுக்க இருக்கறவனுக்குத் தெரியாம, மோசமாப் பண்ணணும். வேணும்னே பண்றான்னு தெரிஞ்சாப் போச்சு. மூஞ்சி செவக்கணும், நரம்பு பொடைக்கணும், பாவம் பய எம்புட்டு முயற்சி பண்றான்னு தோணணும். நான் காத்த இழுக்கல. வெளிய விட்டேன். "கீ... கீக்." கோழிக்குஞ்சு மாதிரி. ரைட்டர்தேன் முதல்ல சிரிச்சாரு. அப்புறம் அத்தன பேரும். இன்ஸ்பெக்டர் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. "இதையாய்யா பெல்ட்டுன்னு நெனச்ச?"

பாய் மட்டும் கிட்ட வந்தாரு. கையில பீடி இல்ல. "டேய் காசி... ஒழுங்காப் பண்ணுடா. ஷெட்டுல பண்ணுனியே, அது மாதிரி பண்ணுடா. உன் காலப் பிடிக்கிறேன்"ன்னாரு. வயசானவரு அப்பிடிச் சொல்லலாமா? "எனக்கு இம்புட்டுத்தேன் பாய் வரும்"ன்னேன். அந்தப் பேச்சு எப்பிடி வந்துச்சு தெரியுமா? அப்பிடியே அழுகுற மாதிரி. நெசமாவே ரெண்டு சொட்டுத் தண்ணி வந்துருச்சு. எஸ்.ஐ. தண்ணி வாங்கிக் குடுத்தாரு. நான் பண்ணுனதுலயே அதுதேன் சார் பெருசு, ஆனா அதுக்குத்தேன் யாரும் கைதட்டல.

தவசியண்ணன் "க்ஹும்"னு செருமுனாரு. ஏதோ பேசப் போறாருன்னு பாத்தேன். தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

ஸ்டார்ட் பண்ணுங்க சார். ஏசியப் போடுங்க. லைட்டையும் போடுங்க. லேசா ரேஸ் குடுங்க. போதும். கேக்குதா? பூனை தூங்குற மாதிரி ஓடுது. அவ்வளவுதேன் வேல. அணைச்சுருங்க, ஓனர் வந்து ஒரு கண்ணு பாத்துருவாரு, அப்புறம் போகலாம்.

அம்மாவா? இருக்கு சார். ஏன் அதக் கேக்கறீங்க? வீட்டுலதேன், கட்டில்ல. நடக்க முடியல. நான்தேன் சமைச்சு வச்சுட்டு வர்றேன், சாயங்காலம் போயி ஊட்டி விடுறேன். ஆனா எங்கூடப் பேசாது. ஸ்டேஷன்லருந்து வந்த அன்னைக்கு நடந்ததச் சொன்னேன், அந்தக் கோழிக்குஞ்ச அதுக்குப் பண்ணிக் காட்டுனேன். சொவரப் பாத்துத் திரும்பிப் படுத்துருச்சு. அதுலருந்து பேசறதில்ல, நான் குடுத்தா திங்கறதில்ல. டாக்டரு கஞ்சி உள்ள எறங்குனாத்தேன் தேறும்கறாரு. நான் என்ன பண்ண? ஒரு நாளு ஒச்சம்மா குரல்ல சொல்லிப் பாத்தேன். "ஏ பவுனு, என்ன பிடிவாதம்? ரெண்டு வாய் குடி." சட்டுன்னு தலையத் திருப்புச்சு சார். வாயத் தெறந்துச்சு. அன்னைலருந்து அப்பிடித்தேன். தெனம் சாயங்காலம் ஒச்சம்மா வந்துதேன் கஞ்சி ஊட்டும். அம்மா கண்ண மூடிக்கிரும், நல்லாப் பேசும். இன்ன வீட்டுல கல்யாணம், இன்னவ மலைக்குப் போறதில்ல, எல்லாம். என்கிட்ட இல்ல, ஒச்சம்மாகிட்ட.

போன வாரம் தவசியண்ணன் சம்சாரம் வந்துச்சு. கேசு வர்ற திங்கக்கெழம கோர்ட்டுக்கு வருது. அம்மா பேரும் சாட்சியில இருக்கு. "பவுனு, நீ எதுத்தாப்புலதான உக்காந்திருந்த. கண்டத மட்டும் சொல்லு தாயி. அவரு உள்ள போயிட்டா எம் பிள்ளைக நடுத்தெருவுலதேன்"ன்னு காலப் பிடிச்சு அழுதுச்சு. அம்மா சொவரப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் கஞ்சியக் கொண்டுக்கிட்டுப் போறேன், அது எனக்கு முன்னாடியே கண்ண மூடிக்கிட்டுக் காத்திருக்கு. "ஒச்சு, வந்துட்டியா"ங்குது. "வந்துட்டேன் பவுனு"ன்னேன். "ஒச்சு, அந்தப் பய கத்தல. தொண்டைக்குழி அசையவே இல்ல, நான் பாத்தேன். பெல்ட்டுன்னு தெரிஞ்சும் நான் வாய் தெறக்கல. எல்லாரும் எம்மகனப் புகழ்றீக. பெத்தவளுக்கு அந்த நேரம் அது இனிச்சிருச்சு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா தவசி நிறுத்தியிருப்பான். நீ இருந்திருப்ப. நான் திங்கக்கெழம ஆட்டோவுல தூக்கிக்கிட்டுப் போகச் சொல்லி, கோர்ட்டுல எல்லாத்தையும் சொல்லிரட்டா ஒச்சு? நீ சொல்லு. நீ என்ன சொல்றியோ அதத்தேன் செய்வேன்"ங்குது.

கையில கரண்டி. கஞ்சி ஆறுது. கண்ண மூடிக்கிட்டு அது காத்துக்கிட்டு இருக்கு.

எனக்கு அவசரமே வரல சார். ஒச்சம்மா பேசறதுக்கு முன்னாடி பொகயிலய ஒரு ஓரமா ஒதுக்கும், "ம்ச்"சுன்னு ஒரு சத்தம் வரும். அத முதல்ல போட்டேன். அப்புறம் மெதுவாச் சொன்னேன். "ஏ கிறுக்கச்சி. போன நான் திரும்பவா வரப்போறேன்? தவசி ஆம்பள, நாலு மாசம் உள்ள இருந்துட்டு வந்துருவான். ஒம் மகன் சின்னப் பய, அவன் பேரு கெட்டா பிறகு ஒன்னைய யாரு பாப்பா? கோர்ட்டுக்கும் போகாத, ஒண்ணும் போகாத. எனக்கு ஒம் மேல ஒரு வருத்தமும் இல்ல. கஞ்சியக் குடி."

அம்மா கண்ணுலருந்து தண்ணி வழிஞ்சு காதுக்குள்ள போகுது. ஆனா வாயத் தெறந்துருச்சு. முழுக் கிண்ணமும் குடிச்சிருச்சு. மறுநாள் தவசியண்ணன் சம்சாரம் திரும்ப வந்தப்ப, உடம்பு முடியல, வரலன்னு அதுவே சொல்லி அனுப்பிருச்சு.

ஒச்சம்மா சொன்னா அம்மா தட்டாது சார். உசுரோட இருந்தப்பவும் அப்பிடித்தேன்.